லண்டனில் வீட்டு அடுப்பில் சமைத்து விற்கப் போகிறீர்களா? கவுன்சில் அதிகாரி கதவைத் தட்டுவதற்கு முன்

என் சமையல் மேடையில் ஒரு பருக்கை கிடக்காது. அப்படி ஒரு அம்மாவிடம் வளர்ந்தவன் நான். இருந்தும் கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) உணவுச் சுகாதார அதிகாரி முதல்முறை வந்து பார்த்துவிட்டுக் கொடுத்த ரேட்டிங், 5க்கு 3. அழுக்குக்காக அல்ல. சாதத்தை வெளியே வைத்திருந்ததற்காகவும், செய்வது எதையும் எழுதி வைக்காததற்காகவும். அதை 5 ஆக்க நான்கு மாதமும் 180 பவுண்டும் போயின. வார இறுதியில் சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், வடை என்று முப்பது டிபன் விற்கிறவனுக்கு 180 பவுண்டு சின்னத் தொகை இல்லை.

கீழே உள்ளது எல்லாம் இங்கிலாந்துக்கு. வேல்ஸிலும் வட அயர்லாந்திலும் இதே 0 முதல் 5 வரையிலான ரேட்டிங்தான், ஆனால் ஸ்டிக்கரை வாசலில் ஒட்டுவது அங்கே கட்டாயம். ஸ்காட்லாந்தில் முறையே வேறு.

1. யாரிடம் போவது என்று தெரிந்துகொள்ளுங்கள்

கவுன்சிலுக்குள் உங்களுக்கு வேண்டியது இரண்டு பிரிவுகள். என்விரான்மென்டல் ஹெல்த் சமையலறைச் சுத்தம், உணவுப் பாதுகாப்பு, எலி, பூச்சி ஆகியவற்றைப் பார்க்கும். டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் எடை, லேபிள், பொய் விளம்பரம், ஆபத்தான பொருள்கள் ஆகியவற்றைப் பார்க்கும். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் என்று லண்டன் பரோக்களுக்குள் (தனித்தனிக் கவுன்சில் உள்ள நகரப் பிரிவுகள்) இருப்பவர்களுக்கு இரண்டும் ஒரே கவுன்சில். லண்டனுக்கு வெளியே பல கவுன்டிகளில் முதலாவது மாவட்டக் கவுன்சிலிடமும் இரண்டாவது கவுன்டி கவுன்சிலிடமும் இருக்கும். இது தெரியாமல் என் நண்பர் ஒருவர் தப்பான அலுவலகத்துக்கு மூன்று வாரம் மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார்.

2. விற்பதற்கு 28 நாளுக்கு முன்பே பதிவு செய்யுங்கள்

உணவுத் தொழிலைப் பதிவு செய்வது இலவசம். கவுன்சிலால் மறுக்கவும் முடியாது. அரசின் இணையதளத்தில் உங்கள் அஞ்சல் குறியீட்டைக் கொடுத்தால் உரிய கவுன்சிலின் படிவம் வரும். பெயர், முகவரி, தொலைபேசி, தொழிலின் பெயர், என்ன சமைக்கிறீர்கள், எந்த நாளில் தொடங்குகிறீர்கள், கம்பெனியாக இருந்தால் அதன் எண். இவ்வளவுதான். அரை மணி நேர வேலை. எங்காவது "பதிவுக் கட்டணம்" என்று கார்டு எண் கேட்டால் நீங்கள் இருப்பது தனியார் தளம். உடனே வெளியே வந்துவிடுங்கள்.

இங்கே நம்மவர்கள் எல்லோரும் விழும் குழி ஒன்று உண்டு. "வாட்ஸ்அப் குழுவில் தெரிந்தவர்களுக்கு மட்டும்தானே கொடுக்கிறேன், இது என்ன தொழிலா?" ஒழுங்காக, தொடர்ந்து, வாராவாரம் கொடுத்தால் தொழில்தான். வாங்குகிறவர் உங்கள் சித்தப்பா மகனாக இருந்தாலும் அப்படித்தான். பதிவு செய்யாமல் நடத்துவது குற்றம். அபராதமும் உண்டு, சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. கோயில் திருவிழாவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பொங்கல் செய்து கொடுப்பவருக்கு இது பொருந்தாது.

3. அடுப்புக்கு வெளியே உள்ள காகிதங்கள்

வாடகை வீடு என்றால் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். சொந்த வீடு என்றால் கடன் கொடுத்தவரிடமும் வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்திடமும் கேளுங்கள். சொல்லாமல் தொழில் நடத்தினால் சாதாரணத் தீ விபத்துக்குக்கூடக் காப்பீட்டுப் பணம் வராமல் போகலாம். பொதுப் பொறுப்புக் காப்பீடு (நம் தொழிலால் பிறருக்குக் கேடு வந்தால் ஈடுகட்டுவது) தனியாக எடுக்க வேண்டும். எனக்கு ஆண்டுக்கு 80 பவுண்டுக்குள் முடிந்தது. காரில் டெலிவரி என்றால் கார் காப்பீட்டில் தொழில் பயன்பாட்டைச் சேர்க்க வேண்டும்.

வரிக்கு: ஒரு வரி ஆண்டில் மொத்த விற்பனை 1,000 பவுண்டைத் தாண்டினால், அந்த வரி ஆண்டு முடிந்த பிறகு வரும் அக்டோபர் 5க்குள் வரித் துறையிடம் பதிவு செய்ய வேண்டும். லாபம் 1,000 இல்லை, விற்பனை 1,000.

தொழிலில் சேரும் குப்பையை வீட்டுத் தொட்டியில் போடக் கூடாது என்பது பலருக்குத் தெரியாது. வடை பொரித்த எண்ணெயைச் சிங்க்கில் ஊற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

4. எழுதி வையுங்கள் (நான் தோற்ற இடம் இது)

உணவுத் தர முகமை "சேஃபர் ஃபுட் பெட்டர் பிசினஸ்" என்று ஒரு கோப்பை இலவசமாகத் தருகிறது. இந்திய, இலங்கைச் சமையலுக்கு என்றே தனிப் பதிப்பு இருக்கிறது. அதை இறக்கி அச்செடுத்து, உங்கள் அடுக்களைக்கு ஏற்ப ஒவ்வொரு பக்கத்தையும் பேனாவால் நிரப்ப வேண்டும். என்னைப் போல அச்செடுத்து அலமாரியில் வைத்துவிட்டு "இருக்கிறதே" என்று காட்டாதீர்கள். அதிகாரி முதல் பக்கத்தைத் திருப்பிய வேகத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

நாள்குறிப்புப் பகுதிதான் உயிர். ஒவ்வொரு நாளும் தொடங்கும்போதும் முடிக்கும்போதும் சரிபார்த்துக் கையெழுத்து. ஏதாவது தப்பினால் மட்டும் ஒரு வரி: "ஃப்ரிட்ஜ் 10 டிகிரி காட்டியது, கதவு ரப்பரைத் துடைத்தேன், ஒரு மணி நேரத்தில் 4க்கு வந்தது." இப்படித் தப்பை எழுதினால் மதிப்பெண் போகும் என்று நினைத்தேன். நேர்மாறு. மூன்று மாதம் எதுவுமே தப்பாமல் நடந்ததாகக் காட்டும் நாள்குறிப்பைத்தான் அவர்கள் நம்ப மாட்டார்கள். நான்கு வாரத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்க ஒரு பக்கம் இருக்கிறது, அதையும் நிரப்புங்கள்.

இதோடு வைத்திருக்க வேண்டியவை: பொருள் வாங்கிய ரசீதுகள் (யாரிடம் வாங்கினீர்கள் என்று காட்டியாக வேண்டும்), சுத்தம் செய்யும் அட்டவணை, ஒவ்வாமைப் பட்டியல், பயிற்சிச் சான்றிதழ். லெவல் 2 உணவுச் சுகாதாரச் சான்றிதழைச் சட்டம் கட்டாயம் என்று சொல்லவில்லை. செய்கிற வேலைக்கு ஏற்ற பயிற்சி வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஆனால் இணையத்தில் 10 முதல் 20 பவுண்டுக்குள், ஒரு மாலைப் பொழுதில் முடிகிற விஷயம். எடுத்துவிடுங்கள்.

5. சூடு, குளிர், சோறு, மாவு

முதலில் ஒரு குத்தும் தெர்மாமீட்டர் வாங்குங்கள், 10 முதல் 15 பவுண்டு. மாதம் ஒருமுறை சோதித்து எழுதுங்கள். கொதிக்கும் நீரில் 99 முதல் 101 டிகிரிக்குள்ளும், ஐஸ் நீரில் பூஜ்யத்துக்கு ஒரு டிகிரி மேலே கீழேயும் காட்ட வேண்டும்.

நினைவில் நிற்க வேண்டிய எண்கள்: ஃப்ரிட்ஜ் 8 டிகிரிக்கு மேல் போகக் கூடாது, 5இல் வைத்தால் நிம்மதி. சூடாக வைத்துக் கொடுப்பது 63க்குக் கீழே இறங்கக் கூடாது. சமைக்கும்போதும் மறுபடி சூடாக்கும்போதும் நடுப்பகுதி 75 டிகிரியில் 30 விநாடி. ஃப்ரீசர் கழித்தல் 18.

இப்போது என் கதை. அதிகாரி வந்தது காலை பத்தரைக்கு. ஏழு மணிக்கே வடித்துக் கிளறிய எலுமிச்சை சாதம் அண்டாவில் மூடி போட்டு மேடையில் இருந்தது. பன்னிரண்டுக்கு டெலிவரி. அவர் தெர்மாமீட்டரைக் குத்தினார், 41. "எத்தனை மணியிலிருந்து வெளியே இருக்கிறது?" என்றார். எனக்குக் கேள்வியே புரியவில்லை. புளிசோறு கட்டிக்கொண்டு ரயிலில் மதுரையிலிருந்து டெல்லிவரை போன குடும்பம் எங்களுடையது.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். வேகவைத்தாலும் அவை சாகாது. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும்போது முளைத்துப் பெருகி நஞ்சை விடும். அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. அதனால்தான் சோற்றில் அவர்கள் இவ்வளவு கறாராக இருக்கிறார்கள். சூடான உணவை 63க்குக் கீழே வெளியே வைக்க ஒரே ஒருமுறை, அதுவும் 2 மணி நேரம் மட்டும் விலக்கு உண்டு. என் அண்டா அதைத் தாண்டிவிட்டது. அன்றைக்குச் சாதம் முழுவதும் குப்பைக்குப் போனது.

இப்போது பத்து மணிக்குத்தான் உலை வைக்கிறேன். சூடாகப் போக வேண்டியது நேராக ஹாட் பாக்ஸுக்கு. தயிர் சாதத்துக்கு உரிய சோற்றைத் தட்டுகளில் மெல்லியதாகப் பரப்பி, ஒரு மணி நேரத்துக்குள் ஆற்றி ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். அடுத்த நாளைக்கு மேல் சோறு வைத்திருப்பதில்லை. தேங்காய்ச் சட்னி அன்றன்றைக்கு அரைத்து நேராக ஃப்ரிட்ஜ்.

அடுத்து இட்லி மாவு. லண்டன் குளிரில் மாவு புளிக்க, ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டு விடுவது நம் வீடுகளில் வழக்கம். அதிகாரிக்கு அது பன்னிரண்டு மணி நேரம் வெளியே கிடக்கும் ஈரமான பருப்பு மாவு. அவர்மீது தப்பில்லை. புளிப்பது இந்த உணவின் செய்முறை என்று உங்கள் கோப்பில் எழுதியிருக்க வேண்டும்: எத்தனை மணி நேரம் ஊறல், எத்தனை மணி நேரம் புளிப்பு, பொங்கியதும் தேதி ஒட்டி ஃப்ரிட்ஜ், எத்தனை நாளுக்குள் தீர்ப்பது, ஆவியில் முழுவதும் வேகவைப்பது. இரண்டாவது முறை அந்தப் பக்கத்தைக் காட்டினேன். படித்துவிட்டுத் தலையாட்டினார். மாவையே பாக்கெட் போட்டு விற்பதாக இருந்தால் தொடங்கும் முன் கவுன்சிலிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்குக் கேள்விகள் கூடும்.

கிருமிநாசினியிலும் ஒரு கண். புட்டியின் பின்பக்கம் "பி.எஸ். இ.என். 1276" அல்லது "13697" என்ற தர எண் இருக்க வேண்டும். எவ்வளவு நேரம் மேடையில் நிற்க விட வேண்டும் என்பதும் அங்கேயே அச்சிட்டிருக்கும். தெளித்த வேகத்தில் துடைத்தால் பயனில்லை. இதைச் செய்துகாட்டச் சொன்னார்கள். மஞ்சள் கறை படிந்த வெள்ளை மேடை அழுக்கு இல்லை என்பதை நான் விளக்க வேண்டியதாகவில்லை, அது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

6. ஒவ்வாமை: நம் தாளிப்பிலேயே மூன்று

சட்டம் பெயர் சொல்லும் ஒவ்வாமைப் பொருள்கள் 14. செலரி, குளூட்டன் உள்ள தானியங்கள், இறால் நண்டு வகை, முட்டை, மீன், லூப்பின் (ஒரு பயறு வகை), பால், கணவாய் சிப்பி வகை, கடுகு, நிலக்கடலை, எள், சோயா, சல்ஃபைட், மரக்கொட்டைகள்.

இனி உங்கள் சாம்பாரைப் பாருங்கள். கடுகு இருக்கிறது. நல்லெண்ணெயில் தாளித்தால் எள் இருக்கிறது. பெருங்காயம்? டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கடைகளில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு சேர்ந்திருக்கும். "அரிசியும் பருப்பும்தானே, குளூட்டன் இல்லை" என்று ஒருவருக்கு உறுதி சொல்லி, பின்னர் டப்பாவைப் படித்து எனக்கு வியர்த்தது. நல்லவேளை, அவர் இன்னும் வாங்கியிருக்கவில்லை. நெய், மோர், தயிர் எல்லாம் பால். பொங்கல் முந்திரி மரக்கொட்டை. யாழ்ப்பாணத்துச் சம்பலில் மாசி போட்டால் அது மீன். தேங்காய் அந்தப் பதினான்கில் இல்லை.

ஒவ்வொரு உணவுக்கும் எதில் எது இருக்கிறது என்று கட்டம் போட்ட அட்டவணை ஒன்று செய்து சுவரில் ஒட்டுங்கள். பெருங்காய பிராண்டை மாற்றினால் அட்டவணையும் மாற வேண்டும்.

லேபிள் விதிகள் விற்கும் முறையைப் பொறுத்தவை. தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ ஆர்டர் எடுத்தால், பணம் வாங்கும் முன் ஒருமுறையும் உணவு கைக்குப் போகும்போது ஒருமுறையும் ஒவ்வாமை விவரம் கொடுக்க வேண்டும். நீங்களே முன்கூட்டிப் பாக்கெட் கட்டி உங்கள் ஸ்டாலில் வைத்து விற்றால், 2021 அக்டோபர் 1 முதல், பொருளின் பெயரும் முழுச் சேர்மானப் பட்டியலும் பாக்கெட்டில் இருக்க வேண்டும். ஒவ்வாமைப் பொருள்கள் மட்டும் தடித்த எழுத்தில். நடாஷா சட்டம் என்பார்கள். ரொட்டி மாவில் கலந்திருந்த எள்ளால் 2016இல் இறந்த பதினைந்து வயதுப் பெண்ணின் பெயர் அது. முறுக்கில் எள் போடுகிறவர்கள் கவனியுங்கள். நான் எந்த வழியில் விற்றாலும் எல்லாவற்றிலும் லேபிள் ஒட்டிவிடுகிறேன்.

முறுக்கைத் தமிழ்க் கடையில் விற்கக் கொடுத்தால் முழு லேபிள் வேண்டும்: எடை, தேதி, முகவரி இன்ன பிற. அதற்குள் இப்போதே இறங்காதீர்கள்.

7. அதிகாரி வரும் நாள்

நான் பதிவு செய்து ஏழு வாரம் கழித்து வந்தார். வீடு என்பதால் எனக்கு முதல் நாள் தொலைபேசி வந்தது. கடை வைத்திருப்பவர்களுக்கு முன்னறிவிப்பே இருக்காது. சமையல் நடக்கும் நேரத்தில் வருவதைத்தான் விரும்புவார்கள். தடுப்பதும் பொய் சொல்வதும் தனிக் குற்றங்கள்.

பார்ப்பது மூன்று: உணவைக் கையாளும் விதம், இடத்தின் நிலை, நிர்வாகம் (மேலே சொன்ன கோப்பும் நாள்குறிப்பும் இதில்தான்). கை கழுவ சோப்பும் பேப்பர் டவலும் இருக்கிறதா, இறைச்சி வெட்டும் பலகை தனியா, ஃப்ரிட்ஜில் பச்சை இறைச்சி கீழ்த்தட்டில் இருக்கிறதா, பூனை எங்கே. வீட்டு ஃப்ரிட்ஜிலேயே தொழிலையும் நடத்துகிறவர்கள் ஒரு தட்டைத் தொழிலுக்கு என்று பிரித்து எழுதி ஒட்டுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். என்னைப் பார்க்க வந்தவர் நான் கேட்ட எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். அதை அவர் வருவதற்கு முன்பே போன் போட்டுக் கேட்டிருக்கலாம்.

8. ரேட்டிங் வந்த பிறகு

14 நாளுக்குள் எழுத்தில் வரும். ரேட்டிங்கில் 5தான் உச்சம், ஆனால் அதைக் கணக்கிடும் மதிப்பெண் குறைவதுதான் நல்லது, அது முதலில் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. மூன்று பிரிவுகளின் கூட்டுத்தொகை 15க்குள், எதிலும் 5க்கு மேல் இல்லை என்றால் ரேட்டிங் 5. கூட்டுத்தொகை 20 என்றால் 4. 25, 30 என்றால் 3. எனக்குக் கையாளுதலில் 10, இடத்தில் 5, நிர்வாகத்தில் 10. கூட்டினால் 25. சோறு சரியாக இருந்து 5 வாங்கியிருந்தாலும் நிர்வாகத்தின் அந்தப் பத்து என்னை நான்கிலேயே நிறுத்தியிருக்கும்.

உங்களுக்கு மூன்று வழிகள். அதிகாரி தவறாக மதிப்பிட்டார் என்றால் 21 நாளுக்குள் மேல்முறையீடு. சனி, ஞாயிறு, விடுமுறை எல்லாம் அந்தக் கணக்கில் சேரும், கட்டணம் இல்லை. குறையைத் திருத்திவிட்டேன் என்று பொதுமக்களுக்குச் சொல்ல வேண்டுமானால் பதில் உரிமை, அது ரேட்டிங்கின் பக்கத்திலேயே இணையத்தில் வரும். திருத்தியதைக் காட்டிப் புது ரேட்டிங் கேட்க வேண்டுமானால் மறுமதிப்பீடு. கட்டணம் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், பணம் கட்டினால் மூன்று மாதத்துக்குள் வருவார்கள், முன்னறிவிப்பு இல்லாமலும் வரலாம். அவசரப்பட்டு மறுமதிப்பீடு கேட்காதீர்கள். நாள்குறிப்பு ஒரு வாரம்தான் ஓடியிருக்கிறது என்றால் மறுபடி அதே 3 வரலாம், ஏன், குறையவும் செய்யலாம். நான் ஆறு வாரம் எழுதிய பிறகுதான் பணம் கட்டினேன்.

குறை பெரிதாக இருந்தால் மேம்பாட்டு நோட்டீஸ் வரும், திருத்த குறைந்தது 14 நாள் தருவார்கள். அதை மதிக்காதது குற்றம். எலித் தொல்லை, சாக்கடை பொங்குவது போன்ற உடனடி ஆபத்து என்றால் அன்றைக்கே மூடச் சொல்லலாம், மூன்று நாளுக்குள் நீதிமன்றத்துக்கும் போவார்கள்.

9. டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பக்கம் நான்கு வார்த்தை

நமக்கு மட்டன் என்றால் வெள்ளாடு. இங்கே மட்டன் என்றால் வளர்ந்த செம்மறி. வெள்ளாட்டுக் கறி என்றால் கோட் என்றே எழுதுங்கள். "நெய்த் தோசை" என்று எழுதிவிட்டு டால்டா ஊற்றாதீர்கள். "சர்க்கரை நோயைக் குணமாக்கும் வெந்தயக் களி" என்று விளம்பரம் போடாதீர்கள். உணவு நோயைத் தடுக்கும், தீர்க்கும் என்று சொல்லி விற்பதற்குச் சட்டத்தில் இடமில்லை, பாட்டி சொன்னது என்றாலும்தான். 2023 அக்டோபர் முதல் ஸ்டைரோஃபோம் டப்பாவில் உணவு கொடுக்கத் தடை. கார் பூட்டில் மிச்சம் வைத்திருப்பவர்கள் தீர்க்கக்கூட எடுக்காதீர்கள்.

நீங்களே ஏமாந்திருந்தால், உதாரணமாகக் காலாவதியான மளிகையை யாராவது உங்கள் தலையில் கட்டிவிட்டால், டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் நேரடியாக அழைப்பு எடுப்பதில்லை. சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் உதவி எண் 0808 223 1133 வழியாகத்தான் போக வேண்டும்.

10. வீடு மாறினால்

ரேட்டிங் இடத்துக்குத்தான், ஆளுக்கு இல்லை. முகவரி மாறினாலும், சைவத்தோடு கோழியும் சேர்த்தாலும் கவுன்சிலிடம் சொல்ல வேண்டும். நான் அடுத்த மாதம் பக்கத்து பரோவுக்குக் குடிபோகிறேன். நாலு மாதம் பாடுபட்டு வாங்கிய அந்த 5 இங்கேயே நிற்கும். புதுக் கவுன்சிலின் படிவத்தைப் போன ஞாயிற்றுக்கிழமையே நிரப்பி அனுப்பிவிட்டேன், 28 நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.